ஹாலிவுட்டின் பொற்காலப் படங்களில் உங்கள் மனத்தில் நிலைத்த காட்சி எது?

திரைமாணவன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். 1930 முதல் 1960 வரையிலான ஹாலிவுட் படங்களைச் சில மாதங்களாகத் தேடிப் பார்த்து வருகிறேன். பேசும்படம் வேரூன்றிய காலம் தொடங்கி, நடிகர், இயக்குநர், எழுத்தாளர், இசையமைப்பாளர் என எல்லோரையும் ஒப்பந்தச் சம்பளத்தில் வைத்துக்கொண்டு பெரிய ஸ்டூடியோக்கள் படமெடுத்த முறை தளர்ந்துபோகும் வரையிலான அந்த முப்பது ஆண்டுகளையே பலரும் பொற்காலம் என்கிறார்கள். பார்க்க வேண்டிய படங்களின் பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு படத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. சில புகழ்பெற்ற படங்கள் மேடை நாடகத்தை அப்படியே படம் பிடித்தவை போல எனக்குத் தோன்றின. வேறு சில, முதல் அரை மணி நேரத்திலேயே என்னை முழுமையாக உள்ளே இழுத்துக்கொண்டன.

அப்படி இழுத்துக்கொண்டவற்றில் ஒன்று மைக்கேல் கர்டிஸ் இயக்கிய "காஸாபிளாங்கா". நாயகன் ரிக்கின் விடுதியில் ஜெர்மானிய அதிகாரிகள் தங்கள் பாட்டை உரக்கப் பாடிக்கொண்டிருக்க, நாஜிகளை எதிர்த்துப் போராடும் விக்டர் லாஸ்லோ நேராக இசைக்குழுவிடம் சென்று பிரெஞ்சு தேசிய கீதத்தை வாசிக்கச் சொல்கிறார். வாசிப்பவர்கள் தயங்கி ரிக்கைப் பார்க்கிறார்கள். அவர் ஒரு சொல்லும் பேசாமல் இலேசாகத் தலையை மட்டும் அசைக்கிறார். எந்தப் பக்கமும் சாயமாட்டேன் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த மனிதர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்பதை அந்தத் தலையசைப்பே சொல்லிவிடுகிறது. பிறகு கூடம் முழுவதும் எழுந்து பாடுகிறது. அந்தக் கூட்டத்தில் கண்ணீருடன் பாடும் பெண்ணாக நடித்த மேடலின் லபோ, நாஜிப் படையெடுப்பின்போது பிரான்சிலிருந்து உண்மையிலேயே தப்பி வந்தவர் என்றும், ஜெர்மானிய மேஜராக நடித்த கான்ராட் ஃபைட் நாஜிகளின் ஆட்சி வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர் என்றும் பிறகு படித்தேன். படப்பிடிப்பு நடந்தது 1942இல். போர் எப்படி முடியும் என்று அப்போது எவருக்கும் தெரியாது. இதை அறிந்த பின் மறுபடியும் பார்த்தபோது அந்த முகங்களை வெறும் துணை நடிகர்களின் முகங்களாக என்னால் காண முடியவில்லை.

உங்களுக்குப் பிடித்த படம் எது என்பதோடு, அதில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும், அது ஏன் உங்களை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்பதையும் சற்று விரிவாக எழுத வேண்டுகிறேன்.

நெய்தல்நிலா எழுதியது:

நல்ல கேள்வி. "காஸாபிளாங்கா"வில் நீங்கள் பிடித்துக்கொண்ட அந்தத் தலையசைப்புதான் அக்காலப் படங்களின் உயிர் இருக்கும் இடம் என்பது என் எண்ணம். வசனம் வேகமாக ஓடும், இசை ஓங்கி ஒலிக்கும். ஆனால் முக்கியமான நேரத்தில் ஒருவர் எதையோ சொல்லாமல் விடுவார், அல்லது இயக்குநர் நம்மை அருகே விடாமல் தள்ளி நிறுத்துவார்.

என் தேர்வு வில்லியம் வைலர் 1946இல் இயக்கிய "தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்". இரண்டாம் உலகப் போர் முடிந்து ஒரே ஊருக்குத் திரும்பும் மூன்று வீரர்களின் கதை. ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும் படம் என்பதால் பலர் தள்ளிப் போடுகிறார்கள். தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள். மூவரில் ஒருவரான ஹோமராக நடித்த ஹரோல்ட் ரஸல் தொழில்முறை நடிகர் அல்லர். ராணுவப் பயிற்சியின்போது நடந்த வெடிவிபத்தில் இரு கைகளையும் இழந்தவர். திரையில் நாம் காணும் கொக்கிகள் அவர் அன்றாடம் பயன்படுத்தியவையே. இந்த ஒரே வேடத்துக்காக அவருக்குச் சிறந்த துணை நடிகர் விருதும் ஒரு சிறப்பு விருதுமாக இரண்டு ஆஸ்கார்கள் கிடைத்தன.

நீங்கள் கேட்ட "இடம்" இந்தப் படத்தில் மதுக்கூடக் காட்சியில் இருக்கிறது. மற்ற இரு வீரர்களில் நடுத்தர வயதுக்காரரான ஆல், தன் மகளை இனிப் பார்க்கக் கூடாது என்று நண்பன் ஃபிரெடிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார். திருமணமானவனான ஃபிரெட் அதை ஏற்றுக்கொண்டு, அவளிடம் தொலைபேசியில் சொல்லி முடித்துக்கொள்வதற்காகக் கூடத்தின் கோடியில் உள்ள சாவடிக்குள் போகிறான். அதே நேரத்தில் ஹோமர் தன் கொக்கிகளால் பியானோ வாசித்துக் காட்ட ஆலை அழைக்கிறான். சட்டகத்தின் முன்பகுதியில் பியானோ, அதில் சாய்ந்தபடி ஆல், வெகு தூரத்தில் சிறு உருவமாகத் தொலைபேசியில் பேசும் ஃபிரெட். கதையைத் திருப்பப் போகும் உரையாடல் அங்கே நடக்கிறது. நமக்கோ அதில் ஒரு சொல்லும் கேட்பதில்லை. காதில் விழுவதெல்லாம் பியானோதான். ஆல் புன்னகையுடன் வாசிப்பைப் பார்க்கிறார், இடையிடையே அவர் கண் பின்பக்கம் போகிறது, நம் கண்ணும் அவரோடு போகிறது. வேறோர் இயக்குநராக இருந்தால் சாவடிக்குள் கேமராவைக் கொண்டுபோய் ஃபிரெடின் முகத்தை நெருக்கத்தில் காட்டி, வயலின்களையும் சேர்த்திருப்பார்.

முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே தெளிவுடன் தெரியும் இந்த ஆழக்குவியப் படப்பிடிப்பைச் செய்தவர் கிரெக் டோலண்ட். "சிட்டிசன் கேன்" படத்தின் ஒளிப்பதிவாளரும் அவரே.

இதே படத்தின் தொடக்கத்தில் ஆல் வீடு திரும்பும் காட்சியையும் விட்டுவிடாதீர்கள். கதவைத் திறந்த பிள்ளைகளின் வாயைப் பொத்தி அமைதிப்படுத்துகிறார். யார் வந்திருப்பது என்று உள்ளேயிருந்து கேட்கும் மனைவியின் குரல், பதில் வராததாலேயே பதிலைப் புரிந்துகொண்டு பாதியில் நின்றுவிடுகிறது. நீண்ட நடைக்கூடத்தின் இரு முனைகளிலிருந்து இருவரும் நெருங்கித் தழுவிக்கொள்வதைக் கேமரா தூரத்தில் நின்றே பார்க்கிறது. பிள்ளைகள் என்ன செய்வதென்று தெரியாமல் ஓரமாக நிற்கிறார்கள். நான் அந்தக் காட்சியில் ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளைகளின் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

கருங்குயில் எழுதியது:

நெய்தல்நிலா அவர்களின் கருத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். அதை இன்னும் வலுவாக நிறுவும் ஒரு படம் இருக்கிறது. பட்டியல்களில் அது அதிகமாக இடம்பெறுவதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். லியோ மெக்கேரி 1937இல் இயக்கிய "மேக் வே ஃபார் டுமாரோ" பற்றிச் சொல்கிறேன்.

வங்கிக் கடனில் வீட்டை இழந்த முதிய தம்பதி. ஐந்து பிள்ளைகள் இருந்தும் இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள ஒருவராலும் முடியவில்லை. தாய் மகன் வீட்டுக்கும் தந்தை மகள் வீட்டுக்குமாகப் பிரிக்கப்படுகிறார்கள். இப்படிக் கேட்டதும் கண்ணீரைப் பிழிந்தெடுக்கும் படமாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். மெக்கேரி அந்தப் பக்கமே போகவில்லை. அவர் பிள்ளைகளைக் கொடியவர்களாகக் காட்டவுமில்லை, பெற்றோரைத் தெய்வங்களாக்கவுமில்லை. மகன் வீட்டில் மருமகள் சீட்டாட்ட வகுப்பு நடத்துகிறாள். அந்த நேரம் பார்த்து மாமியார் தன் கிறீச்சிடும் ஆடும் நாற்காலியைக் கொண்டுவந்து நடுவில் போட்டுக்கொண்டு அமர்கிறார். உண்மையாகவே அது எரிச்சலூட்டுகிறது, நமக்கும் கூட. பிறகு தொலைபேசி ஒலிக்கிறது. அழைப்பது தூரத்து ஊரில் இருக்கும் கணவர். தொலைபேசியில் பேசிப் பழகாத அம்மையார், எதிர்முனை தொலைவில் இருப்பதால் உரக்கப் பேச வேண்டும் என்பதுபோல் பேசுகிறார். குளிர் அதிகமா, உடம்பு எப்படி இருக்கிறது என்பது போன்ற எளிய பேச்சுதான். முதலில் முகம் சுளித்த விருந்தினர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கேட்கக் கூடாததைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்ற கூச்சத்தில் அமைதியாகிறார்கள்.

அதைவிடப் பெரிய இடம் பின்னால் வருகிறது. தாயை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதென்று மகன் முடிவெடுத்துவிட்டான். அதைச் சொல்ல வாயெடுக்க முடியாமல் அவர் முன் நின்று திணறுகிறான். இல்லத்திலிருந்து வந்த கடிதத்தை முன்பே கண்டுவிட்ட தாய், அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதற்கு முன் தானே முந்திக்கொண்டு, தனக்கு அங்கே போக ஆசையாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். மகனை அந்தப் பழியிலிருந்து காப்பாற்றுகிறார். தன் கணவருக்கு மட்டும் இந்தச் செய்தி தெரியவே கூடாது என்பதே அவர் வைக்கும் ஒரே வேண்டுகோள். அப்போது ஐம்பது வயதைக்கூட எட்டாத பியூலா பாண்டி, எழுபது வயதுப் பெண்ணாக இதை நடித்திருக்கிறார் என்பதை நம்பவே முடியாது.

முடிவை மகிழ்ச்சியாக மாற்றும்படி ஸ்டூடியோ வற்புறுத்தியும் மெக்கேரி இசையவில்லை. படம் வசூலிலும் தோற்றது. அதே ஆண்டில் அவர் இயக்கிய "தி ஆஃபுல் ட்ரூத்" என்ற நகைச்சுவைப் படத்துக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தபோது, தவறான படத்துக்கு விருது கொடுத்துவிட்டீர்கள் என்று அவர் சொன்னதாகப் பரவலாகக் குறிப்பிடுவார்கள். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் "டோக்கியோ ஸ்டோரி" (1953) உருவானதற்குப் பின்னால் இந்தப் படத்தின் தாக்கம் இருக்கிறது.

மனம் கனத்துவிடும் என்று அஞ்சினால், எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் இயக்கிய "தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்" (1940) படத்திலிருந்து தொடங்கலாம். ஒரே கடையில் வேலை செய்து ஓயாமல் சண்டையிடும் இருவர், தாங்கள் முகம் தெரியாமல் கடிதம் எழுதிக் காதலிப்பது ஒருவரையொருவர்தான் என்பதை அறியாமல் இருக்கிறார்கள். அதில் அஞ்சலகக் காட்சி ஒன்று உண்டு. கடிதப் பெட்டியின் உள்ளேயிருந்து கேமரா பார்க்கிறது. கையுறை அணிந்த ஒரு கை உள்ளே வந்து வெறுமையைத் துழாவுகிறது. பிறகு அந்தச் சிறு திறப்பில் மார்கரெட் சல்லவனின் முகம் தெரிகிறது. சில நொடிகளே வரும் அந்தக் காட்சியில் காதலின் ஏக்கம் முழுவதும் அடங்கிவிடுகிறது.

சட்டகம் எழுதியது:

படங்களைப் பற்றி நண்பர்கள் அருமையாக எழுதியிருக்கிறார்கள். எப்படிப் பார்ப்பது என்பதைப் பற்றி நான் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏனென்றால் இந்த நுட்பங்கள் எல்லாம் தவறான பிரதியில் காணாமல் போய்விடும்.

1953இல் "தி ரோப்" படத்தின் மூலம் சினிமாஸ்கோப் வந்து அகலத்திரை பரவுவதற்கு முன், ஹாலிவுட் படங்களின் சட்டகம் ஏறக்குறையச் சதுரத்துக்கு அருகில், 1.37க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தது. இன்றைய தொலைக்காட்சியில் இருபுறமும் கறுப்புப் பட்டை விழுவதே சரியான தோற்றம். திரையை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்தால் முகங்கள் தட்டையாகிவிடும். பெரிதாக்கினால் மேலும் கீழும் வெட்டுப்படும். ஃபிரெட் அஸ்டேர் தம் நடனத்தைத் தலை முதல் கால் வரை முழு உருவமாக, முடிந்தவரை வெட்டாமல் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். "ஸ்விங் டைம்" (1936) படத்தைக் கீழே வெட்டிய பிரதியில் பார்த்தால் எந்தக் கால்களைப் பார்க்க உட்கார்ந்தோமோ அவையே இருக்காது.

1980களில் பழைய படங்களுக்குக் கணினியால் வண்ணம் பூசும் வழக்கம் கிளம்பியது. "காஸாபிளாங்கா"வும் தப்பவில்லை. தாம் இயக்கிய "தி மால்டீஸ் ஃபால்கன்" (1941) படத்துக்கு வண்ணம் பூசப்பட்டதைக் கண்டு ஜான் ஹ்யூஸ்டன் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார். அவர் கோபம் நியாயமானது. சாம்பல் நிறத்தின் பல படிகளை மனத்தில் வைத்தே அக்கால ஒளிப்பதிவாளர்கள் விளக்கு அமைத்தார்கள். இங்க்ரிட் பெர்க்மனின் கண்களில் மின்னும் அந்தச் சிறு ஒளிப்புள்ளிகூட அளந்து வைத்ததே. வண்ணம் பூசிய பிரதியைத் தவிர்த்து, மீட்டெடுக்கப்பட்ட கறுப்பு-வெள்ளைப் பிரதியைத் தேடுங்கள்.

முல்லைவேலி எழுதியது:

இந்தப் படங்களை நானும் ஆழமாக நேசிப்பவள்தான். ஆயினும் "பொற்காலம்" என்ற சொல்லைச் சொல்லும்போது அது யாருக்குப் பொற்காலமாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன்.

"கான் வித் தி விண்ட்" (1939) படத்தில் மாமி (Mammy) என்று அழைக்கப்படும் அடிமைப் பணிப்பெண்ணாக நடித்த ஹேட்டி மெக்டேனியல், ஆஸ்கார் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர். படத்தின் முதல் திரையிடல் அட்லாண்டாவில் நடந்தபோது, அங்கிருந்த இன ஒதுக்கல் சட்டங்களால் அவர் கலந்துகொள்ள முடியவில்லை. 1940இல் விருது பெற்ற இரவிலும் மற்ற நடிகர்களோடு அல்லாமல் சுவரோரம் தனி மேசையில் அமர வைக்கப்பட்டார். "தி குட் எர்த்" (1937) சீனக் குடும்பமொன்றின் கதை; ஆனால் முதன்மை வேடங்கள் பால் முனிக்கும் லூயிஸ் ரெய்னருக்கும் போயின. அப்போது ஹாலிவுட்டின் மிகப் புகழ்பெற்ற சீன-அமெரிக்க நடிகையான ஆன்னா மே வாங்குக்கு அந்த நாயகி வேடம் கிடைக்கவில்லை. வெவ்வேறு இனத்தவரிடையேயான காதலைத் திரையில் காட்டக் கூடாது என்று தயாரிப்பு நெறித்தொகுப்பே (திரையில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று ஹாலிவுட் தனக்கே வகுத்துக்கொண்ட விதிகள்) தடை விதித்திருந்த காலம் அது.

1930இல் எழுதப்பட்டு, 1934 முதல் ஜோசப் பிரீனின் மேற்பார்வையில் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்ட அந்த நெறித்தொகுப்பு, 1968இல் பார்ப்பவரின் வயதுக்கேற்பப் படங்களை வகைப்படுத்தும் முறை வரும் வரை பெயரளவிலாவது நீடித்தது. கட்டுப்பாடு இருந்ததால்தான் கலை நுட்பமானது என்று சிலர் வாதிடுவார்கள். அதை அப்படியே என்னால் ஏற்க முடியவில்லை. லூபிட்ஷின் "ட்ரபிள் இன் பாரடைஸ்" (1932) கண்டிப்பு வருவதற்கு முன் எடுக்கப்பட்டது. மூடிய கதவையும் கடிகாரத்தையும் மட்டும் காட்டியே முழு மாலையின் கதையைச் சொல்லிவிடும் நுட்பம் அதில் இருக்கிறது. நெறித்தொகுப்பு இறுகிய பிறகு அந்தப் படத்தை மறுபடி வெளியிடக்கூட அனுமதி கிடைக்கவில்லை. நுட்பம் கலைஞரிடம் இருந்தது, தடையிடம் அல்ல.

தடையோடு மோதி வென்ற இடங்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஹிட்ச்காக்கின் "நொட்டோரியஸ்" (1946) அதற்கு எடுத்துக்காட்டு. முத்தம் நீளக் கூடாது என்று தணிக்கை சொன்னது. அவர் கேரி கிராண்டையும் இங்க்ரிட் பெர்க்மனையும் சிறு சிறு முத்தங்களாகப் பிரித்து, இடையிடையே இரவு உணவைப் பற்றிப் பேசவும் தொலைபேசியை எடுக்கவும் வைத்து, ஒருவரையொருவர் விடாமல் மேல்மாடத்திலிருந்து வாசல் வரை நடக்க வைத்தார். அதே படத்தில் விருந்துக் கூடத்தின் உச்சியிலிருந்து இறங்கி வரும் கேமரா, பெர்க்மனின் மூடிய கைக்குள் இருக்கும் சாவியில் வந்து முடியும் ஷாட்டையும் பாருங்கள். கூடத்தில் அத்தனை பேர் இருந்தும் அந்த ஒரு சிறு பொருளே எல்லோருடைய உயிரையும் தீர்மானிக்கிறது.

திரைமாணவன் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. முல்லைவேலி அவர்கள் சொன்னவை நான் அறியாதவை. இனி அந்தப் படங்களை அவற்றையும் மனத்தில் வைத்தே பார்ப்பேன். "மேக் வே ஃபார் டுமாரோ" பார்த்துவிட்டேன். அந்தத் தாய் மகனை முந்திக்கொண்டு பேசும் இடத்தில் படத்தைச் சற்று நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்றைக் கேட்க விரும்புகிறேன். "சிட்டிசன் கேன்" படத்தின் திறமையை வியக்கிறேன், ஆனால் அது என்னைத் தொடவில்லை. நீங்கள் சொல்லும் இந்த மென்மை அதில் எங்கே இருக்கிறது?

நெய்தல்நிலா எழுதியது:

உங்கள் தயக்கம் புரிகிறது. இருபத்தைந்து வயது ஆர்சன் வெல்ஸ் தம் முதல் முழுநீளப் படத்தில் எல்லா வித்தைகளையும் காட்டிவிடத் துடித்ததால், படத்தின் துயரம் அவற்றுக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. பனிக்காலக் காட்சியை மட்டும் தனியாக எடுத்து மறுபடி பாருங்கள். முன்னால் மேசையில் தாய் மகனைப் பிரித்துக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். தந்தை நடுவே நின்று முணுமுணுக்கிறார். அவர்களுக்குப் பின்னால், சன்னல் சட்டத்துக்குள் சிறு புள்ளியாக, தன் வாழ்க்கை கைமாறுவதை அறியாமல் சிறுவன் பனியில் கூவி விளையாடுகிறான். டோலண்டின் ஆழக்குவியம் இங்கும் அதே வேலையைச் செய்கிறது: தூரத்தில் இருப்பவரை மறக்க விடாது. தாயின் முகத்தில் கண்ணீர் இல்லை. பெட்டியை ஒரு வாரத்துக்கு முன்பே கட்டி வைத்துவிட்டதாக அவர் சொல்லும் ஒரு வரியைக் கேளுங்கள். அவர் எத்தனை இரவுகள் விழித்திருந்திருப்பார் என்பது அதில் தெரியும்.

அடுத்து, பில்லி வைல்டரின் "சன்செட் பூலிவார்ட்" (1950) பாருங்கள். மறக்கப்பட்ட மௌனப்பட நடிகையாக வரும் குளோரியா ஸ்வான்சன், உண்மையிலும் மௌனப்படக் காலத்தின் பெரும் நட்சத்திரம். அவருடைய பணியாளராக நடிக்கும் எரிக் ஃபான் ஸ்ட்ரோஹைம், ஒரு காலத்தில் அவரை "குயின் கெல்லி" படத்தில் இயக்கியவர். அந்தப் படத்தின் ஒரு துண்டையே நாயகி தன் வீட்டுத் திரையில் பார்ப்பதாக வைல்டர் காட்டுகிறார். சீட்டாட வரும் பழைய நண்பர்களில் ஒருவர் பஸ்டர் கீட்டன். ரசிகர்களிடமிருந்து வரும் கடிதங்களைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் நாயகியை விட்டுவிட்டு ஸ்ட்ரோஹைமின் முகத்தைக் கவனியுங்கள். ஏன் என்று இப்போது சொல்லமாட்டேன். பார்த்துவிட்டு எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.